அயல்நாட்டு மாணவரும் நுழைவிசைவும்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்வோர் தொகை நம் கொங்கு நாட்டில் ஆண்டுதோறும் பெருகி வருதல் யாவரும் அறிந்ததே. காங்கயத்தினின்று கரூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்துள்ள எம் வெள்ளகோவிலிலும், தறியோசை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுள் இங்கிலாந்தும் செருமனியும் அமெரிக்காவும் சென்று பயில்வார் சிலர் உளர். அவர் புறப்படுங்கால் உறவினர் கூடுதலும், செபக்கூட்டம் நடத்துதலும், பலகாரம் கட்டிக் கொடுத்தலும் உண்டு. ஆயின் அவரை அந்நாட்டிற்குள் விடுவிக்கும் அந்த ஓர் இசைவின் வரலாற்றையும் இயல்பையும் அறிந்தார் மிகச் சிலரே. அதனை விசா என வழங்குப. நுழைவிசைவு என்பது தமிழ். அதிலும் சிறப்பாக, ஓர் அயல்நாட்டில் பயிலும் மாணவர் அங்கிருந்தபடியே மற்றோர் அயல்நாட்டிற்குச் செல்ல விழையுங்கால் எய்தும் நிலையைப் பற்றி யாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என வினவுவார் உளராயின், அவர் இக்கட்டுரையின் இறுதிகாறும் பொறுத்தருள்வாராக.

கடவுச்சீட்டு வேறு, நுழைவிசைவு வேறு. முன்னையது ஒருவர்க்கு அவர் சொந்த நாடு அளிப்பது. 'இவர் எம்முடையார்' என்று அது சான்று பகர்கின்றது. பின்னையது செல்லப் புகும் நாடு அளிப்பது. 'இவர் எம் வாயிலுக்கு வந்து கேட்கலாம்' என்பதே அதன் பொருள். 'வந்து புகலாம்' என்று யாம் எழுதாமைக்குக் காரணம் உண்டு. நுழைவிசைவு பெற்று வந்தாரையும் வானூர்தி நிலையத்து அதிகாரி வினவுதற்கும், ஐயம் தீராவிடின் திருப்பி அனுப்புதற்கும் உரிமையுடையர்.

வாயிலில் நிறுத்தி வினவும் வழக்கம் புதியதன்று. பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியா எருசலேமுக்குப் புறப்படுமுன், வழியிலுள்ள தேசாதிபதிகள் தன்னைக் கடந்து போகவிடும்படி மன்னனிடம் கடிதம் கேட்டுப் பெற்றமையை வேதாகமத்துட் காண்கின்றோம். கௌடலியரின் அர்த்தசாத்திரம் முத்திரைச் சீட்டு வழங்கும் அத்தியட்சன் ஒருவனைக் கூறி, சீட்டு ஒன்றுக்கு ஒரு மாஷம் கட்டணம் எனவும் விதிக்கின்றது. நம் பட்டினப்பாலையிலோ காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பண்டப் பொதிகளின்மேல் புலிப்பொறி இட்டனர் என்னும் செய்தி வருகின்றது. அங்கே பொறி பண்டத்தின்மேல் விழுந்தது. இக்காலத்தில் மனிதர்மேல் விழுகின்றது. வேற்றுமை அவ்வளவே போலும்!

எனினும், இன்று யாம் காணும் முறை நூறாண்டு அளவிற்றேயாம். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமாநுசன், 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-இல் சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' என்னும் கப்பலேறிக் கேம்பிரிட்சுக்குச் சென்றார். குடுமியைக் களைதலும் அன்னையாரின் இசைவைப் பெறுதலுமே அவர்க்குப் பெருந்தடைகளாய் இருந்தன. நுழைவிசைவு என ஒன்று அவர்க்கு வேண்டியிருந்திலது. அவ்வாண்டே மூண்ட பெரும்போர் உலகத்து வாயில்களை எல்லாம் அடைத்தது. போர் முடிந்தபின்னும் அவை முன்போல் திறக்கவில்லை. 1920-இல் பாரிசு நகரிற் கூடிய மாநாடு கடவுச்சீட்டின் வடிவத்தை ஒருமைப்படுத்திற்று. அவ்வாண்டிலேயே இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டமும் பிறந்தது. இங்கிலாந்து செல்லும் இந்தியர்க்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதற்கண் கட்டுப்பாடு வந்தது. 1986-இல் முன்கூட்டியே நுழைவிசைவு பெறுதல் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் இன்று வழங்கும் கடவுச்சீட்டுச் சட்டம் 1967-ஆம் ஆண்டினது.

இனி, இவ்வளவையும் யாம் தேடி அறிதற்கு ஏதுவாயிருந்த நிகழ்ச்சிக்கு வருவோம். எம் பெரியப்பாவின் மகளாகிய தமக்கையார், 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் இங்கிலாந்தின் வடபுலத்துப் பல்கலைக் கழகம் ஒன்றில் நூல்வரலாறு பயிலச் சென்றார். ஓராண்டுப் படிப்பு. தரங்கம்பாடியில் நிகழ்ந்த தொடக்கக்காலத் தமிழ் அச்சுப்பணி அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர் பின்னோரும் தொகுத்தனுப்பிய தமிழ் ஓலைகளும் கடிதங்களும் செருமனியில் ஆலே நகரத்துப் பிராங்கே அறநிலையத்தில் உள்ளன. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் தென்மார்க்கு அரசர்க்கு விடுத்த பொன்னேடு கோபனேகன் நகரில் உள்ளது. தமிழ் பயில்வார்க்கும் நுழைவிசைவுக்கும் தொடர்பு யாது என்று வினவினார்க்கு விடை இதுவேயாகும். நம் ஓலைகள் கடவுச்சீட்டின்றிக் கடல் கடந்து சென்றுவிட்டன. அவற்றைக் காணச் செல்லும் நாமோ வரிசையில் நிற்கின்றோம்.

முதல் இடர் பெயரால் வந்தது. இவ்விடத்துச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும், என்னை? தமிழர் அனைவர்க்கும் இது பொதுவாகலின். நம்மவர் பலர்க்குக் குடும்பப் பெயர் என்பது இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன் வைத்தலே வழக்கு. கடவுச்சீட்டு விண்ணப்பத்திலோ 'குடும்பப் பெயர்', 'இட்ட பெயர்' என இரண்டு கட்டங்கள் உள்ளன. முன்னையதை வெறுமனே விடுவாரும் உண்டு. அங்ஙனம் ஒற்றைப் பெயருடன் அமெரிக்க நுழைவிசைவு பெறுவார்க்கு அவ்வொரு பெயர் குடும்பப் பெயராகிவிட, இட்ட பெயரின் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்னும் மூன்றெழுத்து அச்சாகும். 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது அதன் விரிவு. ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் ஊரெல்லாம் அழைத்த பெயரை உடையவர் ஒரே நாளில் பெயரறியார் ஆகிவிடுகின்றனர்! ஐக்கிய அரபு நாட்டாரோ 2022-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுடன் சுற்றுலா இசைவில் வருவாரை ஏலாராயினர். தந்தை பெயர் அச்சீட்டின் பிறிதொரு பக்கத்தில் இருப்பின் ஏற்போம் எனப் பின்னர்த் தெளிவுறுத்தினர்.

தமக்கையார் இதனை முன்னரே கேள்வியுற்று, குடும்பப் பெயர்க் கட்டத்தில் பெரியப்பாவின் பெயரை இட்டுக்கொண்டார். அதனால் ஒரு தொல்லை நீங்கி மற்றொன்று விளைந்தது. பல்கலைக் கழகத்தார் விடுத்த கடிதங்கள் எல்லாம் பெரியப்பாவின் பெயருக்கு முன் 'செல்வி' என்று விளித்து வந்தன. அதனைப் படித்துக் காட்டியபோது எம் அப்பாரு வாய்விட்டு நகைத்தார். ஆயினும் நகைப்புக்குரியதன்று அடுத்தது. பிறப்புச் சான்றில் பெரியப்பாவின் பெயர் முதலெழுத்துடன் உள்ளது; வங்கிக் கணக்கில் அவ்வெழுத்து விரிந்து பாட்டனார் பெயராய்ப் பின்னே நிற்கின்றது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவார் 'வில்' என்பதன் வகரத்தை ஓரிடத்து இட்டும் ஓரிடத்து விட்டும் எழுதுவர். மாவட்டமோ கேட்க வேண்டுவதில்லை. எம் அப்பாரு பிறந்தபோது வெள்ளகோவில் கோயமுத்தூர் மாவட்டத்தது. 1979 முதல் பெரியார் மாவட்டத்தது. 1996 முதல் அதுவே ஈரோடு மாவட்டம். 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஊர் ஓரடியும் நகர்ந்ததில்லை. தாளில் மட்டும் நான்கு மாவட்டங்களிற் குடிபெயர்ந்துள்ளது. நம்மூர் வருவாய் அலுவலர் இதனைச் சொல்லாமலே அறிவார். ஆயிரங்காவதம் அப்பால் இருந்து தாளை மட்டும் நோக்குவார்க்கு இவை நான்கும் நான்கு ஊர்களே. ஆதலின், இத்தகைய வேற்றுமைகளை எல்லாம் ஒரு பக்கத்து விளக்கக் கடிதமாக எழுதி, ஒருவரே இவர் எனும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரியிடம் பெற்று, எல்லா விண்ணப்பத்துடனும் இணைத்தல் நலம். தமக்கையார் அங்ஙனமே செய்தார். அதுபற்றி அவரை எவரும் வினவவில்லை.

இரண்டாவது இடர் பணம். பணம் இன்மை வேறு. பணம் தாளில் இன்மை வேறு. இங்கிலாந்தின் மாணவர் இசைவுக்கு, கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் வேண்டிய தொகை மாணவர் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இருபத்தெட்டு நாள் தொடர்ந்து ஒரு நாளும் குறையாது நிற்றல் வேண்டும். பெரியப்பாவுக்குச் சில விசைத்தறிகளும், கொரங்காடு சில ஏக்கரும், ஒரு சிறு தென்னந்தோப்பும் உண்டு. கண்ணபுரத்துச் சந்தையில் காங்கயங் காளை ஒரு சோடி விற்றால் பணம் கையில் வரும். வந்த கையே தீவனக்காரர்க்கும் கூலிக்கும் சென்றுவிடும். வேளாண் வருமானத்துக்கு நடுவணரசு வரி விதிப்பதில்லை. ஆகவே அதற்கென வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் பழக்கமும் உழவரிடை இல்லை. உள்ளூரில் நாணயத்துக்குப் பேர்பெற்ற ஒருவர், அயல்நாட்டு அதிகாரியின் மேசைமேல் வருமானமற்றவராய்த் தோன்றுதல் இவ்வாற்றான். நிலத்தை ஈடுகாட்டிக் கல்விக்கடன் பெறலாமோ எனின், அதுவும் எளிதன்று. கடனை மீட்டற்கு வங்கிகட்கு உரிமை தந்த 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்துள்ளமையால், வங்கியார் பலர் அதனை ஈடாக ஏற்பதில்லை. உழவனைக் காத்தற்கு வந்த விலக்கு உழவன் மகளின் படிப்புக்குக் குறுக்கே நின்றது!

இந்நிலையில் தரகர் ஒருவர் வந்து, இருபத்தெட்டு நாளைக்குத் தொகை முழுவதையும் கணக்கில் இட்டு வைத்துப் பின் எடுத்துக்கொள்வதாகவும், அதற்கு இவ்வளவு வட்டி எனவும் கூறினார். ஊரில் பலர் அவ்வழியே சென்றனர் எனவும் பெயர் சொல்லி உறுதி கூறினார். பெரியப்பா அன்றிரவு உறங்கவில்லை. விடிந்தபின் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடைவீதியிலுள்ள வீட்டை வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெற்றார். அவ்வீடு எம் அப்பாரு முப்பது ஆண்டு தறியோட்டிக் கட்டியது. நுழைவிசைவு மறுக்கப்படின் என்னாகும் என்பதை அக்குடும்பத்தில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காசநோய்ச் சோதனை, கைவிரற் பதிவு முதலியன பின்னர் முறைப்படி முடிந்தன. அவை எல்லா நூலினும் காணக் கிடைப்பனவாகலின் ஈண்டு விரித்திலம்.

தமக்கையார் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். கிறிஸ்மஸ் விடுமுறையில் ஆலே நகரம் செல்லும் எண்ணம் எழுந்தது. ஐரோப்பாவின் வரைபடத்தில் இங்கிலாந்தும் செருமனியும் அண்டை வீடுகள் போன்றே தோன்றும். இசைவின் வரைபடத்திலோ அவற்றிடையே ஒரு பெருங்கடல் உண்டு. லக்சம்பர்க்கு நாட்டில் சிற்றூராகிய செங்கனில், 1985-ஆம் ஆண்டு சூன் 14-இல், மோசல் ஆற்றின்மேல் ஒரு படகில் அமர்ந்து ஐந்து நாட்டார் கையெழுத்திட்ட உடன்படிக்கையால், இன்று இருபத்தொன்பது நாடுகள் தம்முள் எல்லைச் சோதனையை ஒழித்து ஒரே புறவாயில் உடையனவாயின. இங்கிலாந்து அவற்றுள் ஒன்றன்று. செருமனியில் தங்கற்சீட்டுப் பெற்றுப் பயிலும் நம் மாணவர், அச்சீட்டும் கடவுச்சீட்டும் கையிற்கொண்டு, நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்வரை பாரிசுக்கும் உரோமைக்கும் தனி இசைவின்றிச் சென்று வரலாம். இங்கிலாந்திற் பயிலும் நம் மாணவரோ அதற்குத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். பெல்பாஸ்டில் பயில்வார் டப்ளின் நகர்க்குச் செல்லவும் அயர்லாந்தின் இசைவு வேண்டும். சாலையில் எல்லைச் சோதனைச்சாவடி இல்லாமையைக் கண்டு இசைவும் வேண்டா என்று எண்ணி இடர்ப்படுவார் உண்டு.

செங்கன் விதிகளுட் சிலவற்றை நம்மவர் மனத்துட் பதித்தல் நன்று. பல நாடுகட்குச் செல்வார், மிகுதியான நாள் எங்குத் தங்குவரோ அந்நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பித்தல் வேண்டும். நாள் ஒத்திருப்பின், முதலில் புகும் நாட்டில். பயணத்துக்கு ஆறு திங்களின் முன்னர் விண்ணப்பித்தல் ஆகாது. பதினைந்து நாளின் பின்னரும் ஆகாது. கடவுச்சீட்டு பத்தாண்டுக்குட் பெற்றதாயும், இரண்டு வெற்றுப் பக்கம் உடையதாயும், திரும்பிய பின்னும் மூன்று திங்கள் செல்லுபடியாவதாயும் இருத்தல் வேண்டும். மருத்துவக் காப்பீடு முப்பதாயிரம் யூரோவிற் குறையலாகாது. கட்டணம் 2024-ஆம் ஆண்டு சூன் 11 முதல் தொண்ணூறு யூரோ. கல்வியின் பொருட்டுச் செல்லும் மாணவர்க்கு அக்கட்டணம் இல்லை என்னும் விதி ஒன்று உண்டு. அதனை அறிந்து கேட்பார் சிலரே. தமக்கையாரும் முதன்முறை 'சுற்றுலா' என்றெழுதிக் கட்டணம் செலுத்தினவரே.

அவர் தவறியது அவ்வொன்றில் மட்டுமன்று. செருமானியத் தூதரகத்து நேர்காணலுக்கு நாள் கிடைத்தல் அரிதாயிருந்தது. உடன் பயில்வோர் சிலர், 'நாள் எளிதிற் கிடைக்கும் நாடு ஒன்றில் விண்ணப்பித்துவிடு. அங்கே பலநாள் தங்குவதாக எழுது. உள்ளே புகுந்தபின் எங்கே சென்றாய் என்று கேட்பார் யார்?' என்றனர். அங்ஙனமே செய்தார். ஆறு நாள் ஒரு நாட்டில், மூன்று நாள் ஆலேயில் என்று நிரல் எழுதப்பட்டது. ஆயின் இணைத்த ஆவணக்களரியின் கடிதமோ ஒன்பது நாளும் அவர் அங்கே பயில வருவதாகக் கூறிற்று! அதிகாரிக்கு வேறு சான்று வேண்டுமோ? 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மறுப்புத் தாள் வந்தது. அச்சிட்ட காரணங்களுள் இரண்டு குறியிடப்பட்டிருந்தன: பயணத்தின் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது ஒன்று, தந்த செய்திகள் நம்பத்தக்கன அல்ல என்பது மற்றொன்று.

அன்றிரவு தொலைபேசியில் அவர் அழுதார். மறுப்பு ஐந்தாண்டுக் காலம் அந்நாடுகளின் பொதுப் பதிவில் நிற்கும். இங்கிலாந்தில் மீள விண்ணப்பிக்குங்காலும், 'எந்நாடேனும் இசைவு மறுத்ததுண்டோ' என்னும் வினா எழும். அங்கே வஞ்சித்தார்க்குப் பத்தாண்டு வரை வாயில் அடைபடும். படிப்பு முடிந்து அங்கே பணி தேடி, வீட்டுக்கடனை அடைப்பதென்பது குடும்பத்தின் எண்ணம். பெரியப்பா அனைத்தையும் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நீ எழுதினது நெசந்தானா அம்மிணி?" என்று ஒன்றே வினவினார். "இல்லீங்கப்பா" என்றார் அவர். "அப்ப அவுங்க சொன்னது சரிதானே" என்று கூறி, உண்டாயா என்று கேட்டுத் தொலைபேசியை எம் பெரியம்மாவின் கையிற் கொடுத்துவிட்டார். அருகிருந்து கேட்ட எமக்கு அது கடுமையாகவே தோன்றிற்று. தரகரைத் திருப்பி அனுப்பிய அவர்க்கு வேறு சொல்லும் இருந்திராது என்று பின்னர் எண்ணினோம்.

ஏப்பிரல் திங்களில் இரண்டாம் விண்ணப்பம் செருமானியத் தூதரகத்துக்கே சென்றது. இரவு பன்னிரண்டு மணிக்கும் விடியற்காலையிலும் நேர்காணல் நாட்களை நோக்கி நோக்கி, யாரோ ஒருவர் விட்ட நாள் ஒன்றைப் பற்றினர். ஆலேயில் ஒன்பது நாள், கோபனேகனில் மூன்று நாள் என உள்ளது உள்ளவாறு எழுதினர். நோக்கம் 'கல்வி' எனக் காட்டிப் பேராசிரியர் கடிதத்தை இணைத்தமையால் விசாக் கட்டணம் விலக்கப்பட்டது. விண்ணப்பம் பெறும் இடைநிலை நிறுவனத்தார்க்குரிய சேவைக் கட்டணம் மட்டும் நின்றது. கணக்கில் ஓரிடத்துப் பெருந்தொகை புகுந்திருந்தது. அது வங்கிக் கடனின் இரண்டாம் தவணை என்பதற்கு வங்கியின் கடிதம் வைக்கப்பட்டது. படிவம் கேளாதிருந்தும், முன்னர் மறுக்கப்பட்டமையையும், அதற்குத் தம் பிழையே காரணம் என்பதையும் முகப்புக் கடிதத்தில் எழுதினர். இங்கிலாந்தில் தங்கும் உரிமைக்குச் சான்றாய் அவர் பெற்றிருந்த அட்டையில் முடிவுநாள் 2024 டிசம்பர் 31 என்றிருந்தது. உரிமையோ அடுத்த ஆண்டின் பின்னும் நீண்டது. அந்நாளுடன் அட்டை முறையே ஒழிந்து, எல்லாம் மின்பதிவாயின. ஆதலின் அப்பதிவைக் காட்டும் குறியெண்ணைத் தாளில் எடுத்து இணைக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் நாள் இசைவு வந்தது: ஒருமுறை நுழைவு, பதினைந்து நாள்.

அமெரிக்கா செல்வார்க்கு ஒரு சொல். அங்கே இசைவு வாயிலுக்கே உரியது. உள்ளே தங்குதற்குரிய தகுதி வேறு. இசைவின் நாள் முடிந்தும் தகுதி முடியாமல் ஒருவர் அங்கே பயிலலாம். ஆயின் இந்தியா வந்து மீள்வதாயின் புதிய இசைவு பெற்றே மீளல் வேண்டும். கல்வி நிலைய அலுவலர் பயணக் கையெழுத்து இட்ட 'ஐ-20' என்னும் தாளும் உடன் இருத்தல் வேண்டும். தாயார் நோயுற்றார் என்று கேட்டு விரைந்து வந்துவிட்டுச் சென்னைத் தூதரகத்தில் நாள் கிடையாமல் ஒரு பருவப் படிப்பை இழந்தார் உண்டு. புறப்படுமுன் இசைவின் நாளை ஒருமுறை நோக்குதல் அந்நேரத்தில் எவர்க்கும் தோன்றாது என்பதும் உண்மையே.

2025-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமக்கையார் ஆலே நகரம் சேர்ந்தார். எல்லையில் அவரை நிறுத்திய அதிகாரி, எதற்கு வந்தாய் என்று வினவ, ஓலை படிக்க என்று விடை கூறினாராம். எந்த மொழியில் என்று கேட்டு, தமிழ் என்றதும் முத்திரையிட்டுவிட்டனர். முன்னூறாண்டு முன்னர்த் தரங்கம்பாடியில் எழுதப்பெற்ற ஓலையை வெண்துணி விரித்த மேசைமேல் வைத்துப் பார்த்ததை அவர் ஏழு பக்கக் கடிதமாக எழுதியிருந்தார்; பெரியப்பா அதனை மடித்து வீட்டு ஈட்டுப் பத்திரத்தின் நகலுடன் ஒரே பையில் வைத்துள்ளார். ஆவணக்களரியின் வாயிலிலும் ஒரு படிவம் தந்தனராம். அதிலும் பெயர்க்கு இரண்டு கட்டங்கள் இருந்தன.